இரு பக்கமும் 744

1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை சென்னை சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் போட்டியின் ஸ்கோர் பட்டியல் அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். நான்கு இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் ஆடியவர் பெயர், அவர் ஆட்டமிழந்த விதம், எடுத்த ஓட்டம். கீழே எக்ஸ்ட்ரா, விக்கெட் விழுந்த வரிசை, பந்துவீச்சுக் கணக்கு. கடைசி வரியில் முடிவு: டை. 1877-இல் தொடங்கிய டெஸ்ட் கிரிக்கெட்டில் இதுவரை 2,500-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. டையில் முடிந்தவை இரண்டே இரண்டு. முதலாவது 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடியது. இரண்டாவது இது. பாப் சிம்சன் இரண்டிலும் இருந்தார். பிரிஸ்பேனில் ஆட்டக்காரராக, சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலிய அணியின் பயிற்சியாளராக.

இந்தப் பட்டியலை எங்கே பார்த்தாலும் எனக்குச் சேப்பாக்கம் நினைவுக்கு வருவதில்லை. தாமிரபரணிக் கரைதான் வருகிறது. நான் அந்த ஆட்டத்தைப் பார்த்தவன் இல்லை. கேட்டவன். அதைவிடச் சரியாகச் சொன்னால், ஒருவர் அதைக் கேட்டுக் கேட்டு எழுதியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

அப்போது எங்கள் வீடு சேரன்மகாதேவிக்கும் பத்தமடைக்கும் நடுவே ஒரு சிற்றூரில் இருந்தது. ஊரை ஒட்டிக் கன்னடியன் கால்வாய் போகும். புரட்டாசி பிறக்கும்போது கார் நெல் முற்றி அறுப்புக்குக் காத்திருக்கும். அந்த வருஷம் புரட்டாசி பிறந்த கையோடு ஆட்டமும் தொடங்கியது. வியாழக்கிழமை ஆரம்பம், திங்கட்கிழமை முடிவு. இடையில் வந்தது புரட்டாசி முதல் சனி. நவதிருப்பதிக்குப் போகிறவர்களால் ஸ்ரீவைகுண்டம் பக்கம் போகிற பஸ்களில் கால் வைக்க இடம் இருக்காது. வீட்டில் பெண்கள் எல்லாரும் பெருமாள் சேவிக்கப் போய்விட, ஆண்கள் ரேடியோப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

எழுதியவர் என் தாய்மாமா. கூட்டுறவு சங்கத்தில் கணக்கெழுதி வந்தவர். சிவப்புக் கோடு போட்ட நீளமான பேரேட்டு நோட்டு ஒன்றை இதற்கென்றே கடையில் வாங்கி வைத்திருந்தார். பென்சில்தான், பேனா கிடையாது. திண்ணையில் சாய்வு மேஜையைப் போட்டு, ரேடியோவை இடது கைப் பக்கம் வைத்துக்கொள்வார். திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-இல் தொடங்கியது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது தாசில்தார் ஆபீஸைவிட நெருக்கமான அரசாங்கம். டெஸ்ட் ஆட்டம் நடக்கும் நாட்களில் ஆங்கிலமும் இந்தியும் மாறி மாறி வரும். எங்களில் பலருக்கு இந்தி எண்கள் தெரிந்தது கிரிக்கெட் வர்ணனையால்தான். பிறகு சேப்பாக்கம் ஆட்டங்களுக்குத் தமிழ் வர்ணனையும் வரத் தொடங்கியபோது கூத்தபிரான் குரலும் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் குரலும் எங்கள் வீட்டுக் குரல்கள் ஆயின. ஜப்பார் எங்கள் பக்கத்துக்காரர் என்பதில் எல்லாருக்கும் ஒரு நிமிர்வு உண்டு. பந்து எல்லைக்கோட்டை நோக்கி ஓடும்போது அவர் தமிழும் கூடவே ஓடும். 2020-இல் அவர் மறைந்தார். அந்தச் செய்தியைக் கேட்டபோது எனக்குத் திண்ணையும் அந்தப் பேரேடும் ஒரு சேர வந்து நின்றன.

ஸ்கோர் எழுதுவது எப்படி என்று இன்று பல பேருக்குத் தெரியாது. தெரிந்தால்தான் அதில் இருந்த ருசி புரியும். ஓட்டம் வராத பந்துக்குப் புள்ளி. நோபாலுக்கு வட்டம், வைடுக்குக் கூட்டல் குறி, பை என்றால் முக்கோணம், லெக்பை என்றால் தலைகீழ் முக்கோணம். ஓர் ஓவரின் ஆறு பந்தும் புள்ளியாகப் போனால், மூன்று மூன்றாக நிற்கிற அந்தப் புள்ளிகளைக் கோட்டால் இணைத்து ஆங்கில 'எம்' எழுத்தாக்க வேண்டும். அதுதான் மெய்டன். அந்த ஓவரில் விக்கெட்டும் விழுந்திருந்தால் அதே புள்ளிகளை 'டபிள்யூ' ஆக்க வேண்டும். இதையெல்லாம் விட முக்கியம், மட்டையில் வந்த ஒவ்வொரு ஓட்டத்தையும் மூன்று இடத்தில் எழுத வேண்டும் என்பது. மட்டை பிடித்தவர் பெயருக்கு நேரே ஒரு தடவை. பந்து போட்டவர் பெயருக்கு நேரே ஒரு தடவை. மொத்த எண்ணிக்கையில் ஒரு தடவை. ஓவர் முடிந்ததும் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் எங்கேயோ தப்பு. சங்கத்தில் பற்றும் வரவும் பார்த்த மனுஷருக்கு இது எவ்வளவு பிடித்துப்போயிருக்கும்!

"ஏலே, இது எத்தனாவது பந்து?" என்பார்.

"அஞ்சாவது மாமா."

"கூட்டம் சத்தம் போடுதே, அவுட்டுதான் மாமா" என்று யாராவது அவசரப்பட்டால் பென்சிலை நிறுத்திவிடுவார். "பொறுல. அவன் வாயால சொல்லட்டும். காதுல கேக்காததை எழுதப்படாது."

அந்த ஐந்து நாளில் அவர் எழுதிய பக்கங்களில் என்னென்ன இருந்தன என்பதை இன்று அச்சில் கிடைக்கிற பட்டியலை வைத்தே திரும்ப அடுக்கிப் பார்க்கலாம். முதல் இன்னிங்ஸில் ஆஸ்திரேலியா 7 விக்கெட்டுக்கு 574, டிக்ளேர். டேவிட் பூன் 122, ஆலன் பார்டர் 106, இரவுக் காவலாக வந்த ரே பிரைட் 30. இவர்களுக்கு நடுவில் டீன் ஜோன்ஸ் 210. பட்டியலில் அது மூன்று இலக்கம். நடந்தது வேறு. சென்னையின் வெக்கையில் அவர் எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்றார், 330 பந்து ஆடினார், களத்திலேயே வாந்தி எடுத்தார், உடம்பெல்லாம் நரம்பு இழுத்துக்கொண்டது. ஆட்டமிழந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் சலைன் ஏற்றினார்கள். வெளியே போகிறேன் என்று அவர் சொன்னபோது, போனால் உன்னைவிட உரமான ஒரு குயின்ஸ்லாந்துக்காரனை அழைத்துக்கொள்கிறேன் என்று கேப்டன் பார்டர் சீண்டி நிறுத்திவைத்த கதையை ஜோன்ஸ் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இறந்ததும் இந்திய மண்ணில்தான், 2020 செப்டம்பர் 24 அன்று மும்பையில்.

இந்தியா 397. ஸ்ரீகாந்த் 53, அசாருதீன் 50, ரவி சாஸ்திரி 62. ஃபாலோ ஆனைத் தவிர்க்க 375 வேண்டும் என்ற நிலையில், வாலைப் பிடித்துக்கொண்டு கபில்தேவ் அடித்தது 119. கிரெக் மேத்யூஸ் 103 ஓட்டம் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். அந்த மனுஷர் அத்தனை வெக்கையிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஆடினார் என்று வர்ணனையில் சொன்னபோது எங்கள் திண்ணையில் ஒருவரும் நம்பவில்லை. பிறகு பத்திரிகைப் படத்தைப் பார்த்துத்தான் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் இரண்டாவது இன்னிங்ஸ் 5 விக்கெட்டுக்கு 170. ஐந்தாம் நாள் காலை பார்டர் மறுபடி ஆடவரவில்லை, அதோடு டிக்ளேர் செய்தார். ஜெயிக்க இந்தியாவுக்கு ஒரே நாளில் 348. அவ்வளவு தைரியமான டிக்ளேர் இல்லாமல் அந்த முடிவும் இல்லை.

திங்கட்கிழமை. கவாஸ்கருக்கு அது தொடர்ச்சியாக ஆடும் நூறாவது டெஸ்ட். 90 எடுத்தார். அமர்நாத் 51. 251-இல் நாலாவது விக்கெட், 253-இல் அஞ்சாவது. கபில் 1 ஓட்டத்தில் போனார். 331 வரை 6 விக்கெட்தான். அங்கிருந்து சேத்தன் சர்மா, ரன் எடுக்காமல் கிரண் மோரே, ஒரு சிக்ஸர் அடித்துவிட்டு சிவ்லால் யாதவ் என்று மூன்று பேர் போக 344-க்கு 9 விக்கெட். ஆக, ஒரு ஓவர் மிச்சம், நாலு ஓட்டம் மிச்சம், ஒரு விக்கெட் மிச்சம். சாஸ்திரி ஒரு முனையில். மறுமுனையில் மணீந்தர் சிங்.

அந்த ஓவரை மாமா எழுதிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மேத்யூஸ் பெயருக்கு நேரே ஒரு புள்ளி. அடுத்து 2. அடுத்து 1. 347. இரண்டு அணியும் சமம். இனி ஒரு ஓட்டம் வந்தால் ஜெயம், மட்டை மணீந்தர் கையில். நாலாவது பந்து புள்ளி. அஞ்சாவது பந்தில் கூட்டத்தின் இரைச்சலில் வர்ணனையாளர் குரலே மூழ்கிப்போனது. மாமா பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். எல்.பி.டபிள்யூ என்று குரல் தெளிவாக வந்த பிறகுதான் எழுதினார். மேத்யூஸ் கணக்கு 39.5 ஓவர், 7 மெய்டன், 146 ஓட்டம், 5 விக்கெட். பிரைட்டுக்கும் 5. ஆறாவது பந்து போடப்படவே இல்லை; அதற்கு உரிய இடம் நோட்டில் வெறுமையாக நின்றது.

ஆட்டம் யாருக்கு என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டிருக்க, மாமா ஒன்றும் பேசாமல் நோட்டை என் பக்கம் திருப்பினார். "கூட்டிப் பாருல" என்றார். 574-உம் 170-உம் 744. 397-உம் 347-உம் 744.

"டாலி ஆயிட்டு" என்றார். சங்கத்தின் ஐந்தொகை நேராகும் நாளில் அவர் முகத்தில் வருகிற அதே நிறைவு. ஜெயிக்கவில்லையே என்று புலம்பியவர்களும் அந்த இரண்டு எண்ணைப் பார்த்ததும் அடங்கினார்கள். ஐந்து நாள், இரண்டு அணி, 1,488 ஓட்டம். ஒன்றுகூட இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயவில்லை.

பட்டியல் சொல்லாமல் விட்டவையும் உண்டு. அந்தக் கடைசிப் பந்து மட்டையின் உள்விளிம்பில் பட்டதா என்பது அதில் இல்லை. பட்டது என்று மணீந்தர் பல காலம் சொல்லிவந்தார். விரலை உயர்த்திய நடுவர் விக்ரம்ராஜு அதன் பிறகு டெஸ்ட் போட்டிகளில் நிற்கவில்லை. இதைப் பற்றி எங்கள் ஊர் டீக்கடையில் நடந்த வாதம் பிசானம் நாற்றுப் பாவுகிற வரை ஓயவில்லை. பார்க்காதவர்கள்தான் அத்தனை பேரும். எல்.பி.டபிள்யூ என்ற மூன்று எழுத்தும் ஒரு முட்டையும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு, பந்தின் சுழலையும் மட்டையின் கோணத்தையும் நடுவரின் மனசையும் அவரவர் கட்டி எழுப்பினார்கள். இன்றைக்கு என்றால் கேமராவும் கணினியும் ஒரு நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லிவிடும். மணீந்தருக்கு அது நியாயம் வழங்கியிருக்கலாம்; அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பட்டியல் விட்ட இடங்களை மனசால் நிரப்பிக்கொண்ட ஒரு கூட்டத்தில் வளர்ந்தவன் நான். அந்தக் கூட்டத்துக்காக ஏங்குகிறேன்.

இப்போது ஆட்டமே சமத்தைப் பொறுப்பதில்லை. 2019 ஜூலை 14 அன்று லார்ட்ஸில் நடந்த உலகக் கோப்பை இறுதியில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் 241-இல் சமமாக நின்றன. சூப்பர் ஓவரிலும் 15-க்கு 15. கடைசியில் யார் அதிகப் பவுண்டரி அடித்தார்கள் என்று எண்ணிக் கோப்பையைக் கொடுத்தார்கள். மாமா இருந்திருந்தால் அந்தக் கணக்கை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். ஐந்தொகை நேராக நிற்கும்போது எந்தப் பக்கம் நீலமையில் எழுதியிருக்கிறது என்று பார்த்தா ஒரு பக்கத்தைப் பெரிது என்பது?

ஆனால் என் ஏக்கத்தின் நடுப்பகுதி சேப்பாக்கம் இல்லை. அந்தப் பேரேட்டை மறுபக்கமாகத் திருப்பினால் இருந்த பக்கங்கள்.

பிசானம் அறுத்த பிறகு, பங்குனி முதல் கார் நடவுக்குத் தண்ணீர் விடுகிற வரை, ஆற்றுப்பாசன வயல்கள் காய்ந்து பாளம் பாளமாகக் கிடக்கும். தாளைக் கொத்தி எடுத்து, நடுவில் ஒரு துண்டை மட்டும் தண்ணீர் தெளித்து இறுக்கினால் அதுதான் பிட்ச். கார்க் பந்து. ஒரே ஒரு நல்ல மட்டை. எதிர்முனையில் நிற்பவருக்குத் தென்னை மட்டை. கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், பத்தமடை, மேலச்செவல் என்று ஊர் ஊராய் ஆட்கள் சைக்கிளில் வருவார்கள். பெட் மேட்ச். வரப்பில் குடை விரித்து உட்கார்ந்து மாமா அதையும் எழுதினார். கவாஸ்கருக்குப் போட்ட அதே கோடு, அதே புள்ளி, அதே முக்கோணம். மூன்று இடத்தில் எழுதி மூன்றும் ஒத்துப்போகிற வரை அடுத்த ஓவர் தொடங்க விடமாட்டார். "சும்மா வயக்காட்டு ஆட்டம்தானே மாமா" என்று ஒருத்தன் சொன்னதற்கு அவர் சொன்னது: "ஓடுனவனுக்கு மூச்சு வாங்குச்சால்லியா? அப்ப எழுதணும்."

முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே அவர் வித்தியாசமே வைக்கவில்லை என்பது எனக்கு அப்போது சாதாரணமாகப் பட்டது. இன்று நினைத்தால் அதுதான் அந்த நோட்டின் பெருமை. ஒரு புறம் மணீந்தரின் பூஜ்யம். இன்னொரு புறம் முதல் பந்திலேயே போல்டாகி அழுதுகொண்டே கால்வாயில் முகம் கழுவப் போன சின்னப் பையனின் பூஜ்யம். இரண்டுக்கும் ஒரே அளவு கட்டம்.

மாமா காலமான பிறகு வீடு கைமாறியது. சாமான்களோடு சாமானாக அந்த நோட்டும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போய்விட்டது. சேப்பாக்கம் ஆட்டத்துக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. அந்த நான்கு இன்னிங்ஸும் உலகத்தில் ஆயிரம் இடத்தில் அச்சாகி இருக்கின்றன. அகில இந்திய வானொலிக்குப் புள்ளிவிவரம் பார்த்த ஆனந்த்ஜி டோசா போன்றவர்கள் ஆயுள் முழுக்க இந்திய கிரிக்கெட்டின் எண்களைக் கட்டிக் காத்தார்கள். அந்த வயல் ஆட்டங்களுக்கோ மறுபிரதியே கிடையாது. நோட்டோடு அவையும் போயின.

இப்படிப்பட்ட நோட்டுகளைத் தேடிக் காத்தவர்கள் அமெரிக்காவில் உண்டு. அங்கே பேஸ்பால் ஆட்டத்தின் ஸ்கோர் பட்டியலுக்கு வடிவம் கொடுத்தவர் ஹென்றி சாட்விக். 1824-இல் இங்கிலாந்தின் எக்ஸிடரில் பிறந்து சிறு வயதில் அமெரிக்கா போனவர். கிரிக்கெட் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தவர். கிரிக்கெட் பட்டியலைப் பார்த்துத்தான் பேஸ்பாலுக்கும் அப்படி ஒன்றைச் செய்தார். நம் பேரேட்டுக்கும் அவர்கள் பட்டியலுக்கும் பாட்டன் ஒருவனே. அங்கே 1989-இல் டேவிட் ஸ்மித் என்ற உயிரியல் பேராசிரியர் ரெட்ரோஷீட் என்ற அமைப்பைத் தொடங்கினார். பழைய தொழில்முறைப் பேஸ்பால் ஆட்டங்களை ஒவ்வொரு நிகழ்வாகத் திரும்பக் கட்டி எழுப்புவது அதன் வேலை. அணிகளின் அலமாரிகளையும் பத்திரிகையாளர்களின் கட்டுகளையும் தேடிப் போனார்கள். ரசிகர்கள் கேலரியில் உட்கார்ந்து எழுதிய நோட்டுகளையும் வாங்கிக்கொண்டார்கள். சாதாரண ஒரு மனுஷன் பென்சிலால் போட்ட புள்ளி அங்கே சரித்திரத்துக்குச் சாட்சி ஆனது. இதைப் படித்த நாளில் எனக்கு மாமாவின் மேல் வந்த பாசத்தைச் சொல்லி முடியாது.

நெல்லைச் சீமையில் கிரிக்கெட்டுக்கு இன்று குறைவில்லை. தாழையூத்துப் பக்கம் சங்கர் நகரில் இந்தியா சிமென்ட்ஸ் மைதானத்தில் ரஞ்சி ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. 2016-இல் தமிழ்நாடு பிரிமியர் லீக் தொடங்கிய முதல் ஆண்டே அங்கே விளக்கொளியில் ஆட்டம் நடந்தது. நெல்லை பெயரிலேயே ஓர் அணி இருக்கிறது. ஊர்ப்புறப் போட்டிகளுக்குக்கூட கைப்பேசியில் கிரிக்ஹீரோஸ் போன்ற செயலிகளில் பந்துக்குப் பந்து பதிகிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் போன கோடையில் எடுத்த ஓட்டம் அழியாமல் இருக்கிறது. அது மனசாரச் சந்தோஷம். மாமா விரும்பியது அதுதான்: ஓடியவன் ஓட்டம் எழுதப்பட வேண்டும். அழிந்தது அதற்கு முந்தைய காலம். 1970-களிலும் 80-களிலும் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்திலிருந்து பாபநாசத்து அடிவாரம் வரை இந்த ஆற்றங்கரையில் ஆடியவர்களின் காலம். அவர்களுக்குச் சாட்சி யார் வீட்டுப் பரணிலோ கிடக்கிற நோட்டுகள் மட்டும்தான்.

அதனால் இந்தக் குறிப்பை ஒரு வேண்டுகோளாகவே எழுதுகிறேன். இந்த ஆற்றங்கரையில் உங்கள் அப்பாவோ மாமாவோ அண்ணனோ ஸ்கோர் எழுதுகிற ஆளாக இருந்திருந்தால், பரணில் ஒரு தடவை தேடிப் பாருங்கள். செல்லரித்த நோட்டானாலும் எடைக்குப் போட வேண்டாம். பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். யார் எந்த ஊர், எந்த வருஷம் என்று தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு ஓரத்தில் குறித்து வையுங்கள். ஓட்டங்களைக் கூட்டிப் பாருங்கள். எழுதியவர் நல்ல கணக்கராக இருந்தால் மூன்று இடமும் ஒத்துப்போகும். கவாஸ்கரின் தொண்ணூறை உலகம் பத்திரமாக வைத்திருக்கிறது. நம் வயலில் ஓடியவர்களை நாம்தான் வைத்திருக்க வேண்டும்.